தாளிட்டால் திறக்கும் கதவு

ஐப்பசி பிறந்துவிட்டால் வத்திராயிருப்பில் இரண்டு பேர் சந்திக்கும்போது க்ஷேம விசாரணைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "அணை எத்தனை அடி?" மேற்கு மலையடிவாரத்தில் 1970களில் எழுந்த பிளவக்கல் திட்டத்தில் அணைகள் இரண்டு. பெரியாறு அணையின் உயரம் ஏறத்தாழ 47 அடி. கோவிலாறு அணைக்கு ஏறத்தாழ 42 அடி. ஓரடி ஏறினால் ஊரில் முகங்கள் மலரும். ஒரு வாரம் ஏறாவிட்டால் பேச்சே குறைந்து போகும். அணையை நம்பிக் கண்மாய். கண்மாயை நம்பி வயல். வயலை நம்பி வீடு. வீட்டை நம்பி மளிகைக் கடைக்காரரின் கணக்குப் புத்தகம். ஆகையால் கேள்வி நியாயமானதே.

ஆனால் அதே நியாயத்தோடு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியை ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. "உம்முடைய வயல் எத்தனை அடி?" என்பதே அது. வயலுக்கு ஏது நீர்மட்டம் என்று நேயர்கள் நகைக்கலாம். சிறிது கணக்குப் பார்த்துவிட்டுப் பிறகு நகைப்பது நல்லது.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நாலாயிரம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீட்டர், பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் ஆகிவிடுகிறது. கோடையில் நம் ஊர்களில் விலை கொடுத்து வாங்கும் தண்ணீர் லாரி ஒன்று 10,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரில் பெய்யும் ஓர் அங்குல மழை பத்து லாரித் தண்ணீர்! வானம் அதை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கூலிகூடக் கேளாமல் போகிறது.

அந்தப் பத்து லாரியும் எங்கே போகிறது? மண்ணுக்குள் இறங்கினால் அது நம்முடையது. நல்ல வண்டல் கலந்த மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குள், பயிர் உறிஞ்சிக்கொள்ளத் தக்க நீராக 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை பிடித்து வைக்கவல்லது. ஏக்கருக்கு நாலு லட்சம் முதல் ஆறு லட்சம் லிட்டர் வரை ஆயிற்று. கரை கட்ட வேண்டியதில்லை. மதகு வைக்க வேண்டியதில்லை. தூர்வார டெண்டர் விட வேண்டியதுமில்லை. ஒவ்வொரு குடியானவர் காலடியிலும் சொந்த அணை ஒன்று கிடக்கிறது. அந்த அணைக்குள் தண்ணீர் நுழைய வேண்டிய கதவு திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதே இங்கு நாம் விசாரிக்கப் போகும் விஷயம். அந்தக் கதவைப் பற்றிக் கலப்பைக்கும் வைக்கோலுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு.

மண்ணுக்குள் இருக்கும் தெருக்கள்

பிடி மண்ணைக் கையில் எடுத்தால் அது முழுவதும் மண் என்று எண்ணுகிறோம். நல்ல நிலத்து மண்ணில் ஏறத்தாழப் பாதி இடம் வெறும் இடைவெளி. அந்த இடைவெளிகளிலும் ஊரைப் போலவே அகலமான தெருக்கள் உண்டு. ஆள் நுழைய முடியாத சந்துகளும் உண்டு. மண்புழு போன வழி, மக்கிய வேர் விட்டுச் சென்ற குழாய், மண்கட்டிகளுக்கு நடுவே உள்ள பிளவு ஆகியவை பெருந்தெருக்கள். களிமண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளே சந்துகள். மழைத் தண்ணீர் விரைந்து கீழே இறங்குவது பெருந்தெருக்களின் வழியாக. பயிருக்கென்று தங்கி நிற்பது சந்துகளில். இரண்டும் வேண்டும். சந்துகள் மட்டும் இருந்து தெருக்கள் அடைபட்டுவிட்டால், கோயில் வாசலில் கூட்டம் தேங்குவதுபோல் மழை மேலேயே தேங்கிப் பிறகு பள்ளத்தை நோக்கி ஓடிவிடும்.

தெரு சிறிது அகன்றால் பெருகும் ஓட்டத்தின் அளவு ஆச்சரியமானது. 1840களில் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் புவாஸேய் என்பவர், மெல்லிய நாளங்களில் இரத்தம் ஓடுவதை அறிவதற்காகக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை விட்டுப் பரிசோதித்தார். குழாயின் விட்டம் இரு மடங்கானால் ஓடும் நீர் இரு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கும் ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகிறது என்று கண்டார். இரத்தத்துக்குக் கண்ட விதி மண்ணுக்கும் பொருந்துகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள மண்புழு வளை ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான இடுக்குகள் சேர்ந்து செய்ய முடியாத வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே நிலத்தில் எத்தனை துளை இருக்கிறது என்பதைவிட, பெரிய துளைகள் பிழைத்திருக்கின்றனவா என்பதே முக்கியம்.

கலப்பையின் கட்சி

முதலில் கலப்பையின் கட்சியைக் கேட்போம். அதற்கு நம் நாட்டில் சாட்சிகளுக்குக் குறைவில்லை. "அகல உழுவதைவிட ஆழ உழு" என்பது பழமொழி. சித்திரை மாதப் புழுதியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லும் வழக்கும் உண்டு. கோடை மழை ஒன்று விழுந்ததும் ஏர் பூட்டி நிலத்தைப் பிளந்து போட்டால், இறுகிக் கிடந்த மேல்மண் உடைகிறது. களை காய்ந்து மடிகிறது. அடுத்த மழை புரண்ட கட்டிகளுக்கு நடுவே இறங்கி மறைகிறது. மேலும், உழுத புழுதி ஒரு மூடியைப் போல அமைந்து, கீழிருந்து ஈரம் நூல் வழியே ஏறுவதுபோல் ஏறி வந்து ஆவியாவதைத் தடுக்கிறது. இவை அனைத்தும் உண்மை. இவற்றை அனுபவத்தில் கண்டறிந்த நம் முன்னோரின் புத்தியை மெச்சவே வேண்டும்.

மேனாட்டிலும் கலப்பைக்குப் பெரிய வக்கீல் ஒருவர் இருந்தார். ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேயர் 1731ல் வெளியிட்ட உழவு நூலில், மண்ணை எவ்வளவுக்கெவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நன்மை என்று வாதித்தார். செடியின் வேர் மண் துகளையே உண்டு வளர்கிறது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை பிற்காலத்தில் பொய்த்துவிட்டது. ஆனால் அதிலிருந்து பிறந்த பழக்கம் மட்டும் பொய்க்கவில்லை. இன்றைக்கும் சுழல் கலப்பை பூட்டிய டிராக்டர், வயலை மாவு சலித்ததுபோல் ஆக்கிவிட்டுக் கரையேறும்போது, வரப்பில் நிற்பவருக்கு மனம் நிறைந்து போகிறது.

மனம் நிறைவது வரையில் சரி. அதற்குப் பிறகு மழை வருகிறது.

துளி செய்யும் வேலை

கனத்த மழைத்துளி தரையை எட்டும்போது மணிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு துளிக்கு எடை ஒன்றுமில்லை என்று அலட்சியம் செய்யலாம். ஓர் ஏக்கருக்கு லட்சம் லிட்டர் துளித் துளியாக விழுகிறபோது அலட்சியம் செய்ய முடியாது. மூடாமல் கிடக்கும் பொடிமண்ணின்மீது அது விழுந்ததும் மண்கட்டி உடைகிறது. உடைந்த நுண்துகள் சேறாகக் கலங்கி, இறங்கும் தண்ணீரோடு சேர்ந்து போய்ப் பெருந்தெருக்களின் வாயிலேயே அடைத்துக்கொள்கிறது. மழை விட்டு வெயில் காய்ந்ததும் மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் அப்பளம்போல ஓர் ஓடு உண்டாகிவிடுகிறது. நம் பக்கத்துச் செம்மண் நிலங்களில் இந்த ஓட்டைப் பார்க்காத குடியானவர் இல்லை. முளை விட்ட விதை அதை முட்டித் தள்ள முடியாமல் உள்ளேயே மடிவதும் உண்டு.

உழவு திறந்த கதவை முதல் மழையே சாத்திவிடுகிறது என்பது இதன் கருத்து. மண்ணை எவ்வளவு பொடியாக்கினோமோ அவ்வளவு சீக்கிரம் கதவு சாத்தப்படுகிறது.

வால்டர் லௌடர்மில்க் என்ற அமெரிக்க வன நிபுணர் 1920களில் சீன தேசத்தில் வேலை பார்த்தபோது, மரமடர்ந்த கோயில் காடுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதையும், மொட்டைக் குன்றுகளில் அது சேறாகப் புரண்டு ஓடுவதையும் அளந்து பார்த்தார். நாடு திரும்பியபின் கலிபோர்னியாவில் அதற்குக் காரணம் தேடினார். மண் நிரப்பிய குழாய்களில் தெளிந்த நீரை விட்டார். அது சீராக இறங்கிற்று. பிறகு சிறிது கலங்கிய நீரை விட்டார். இறங்கும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! காட்டில் சருகு செய்யும் பேருதவி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதன்று, அதைக் கலங்காமல் காப்பதே என்று அவர் கண்டார். அந்த ஆராய்ச்சி 1930ல் வெளிவந்தது.

இதற்காக நாம் சீனாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் போக வேண்டியதில்லை. வத்திராயிருப்புக்கு மேற்கே சதுரகிரி மலைக் காட்டுக்குள் போனாலே போதும். 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அது அடங்கியிருக்கிறது. அங்கே ஏர் பூட்டுவார் எவரும் இல்லை. ஆயினும் சருகு மூடிய தரை மெத்தென்று கிடக்கிறது. மழை விட்டுப் பல நாள் சென்ற பிறகும் ஓடைகளில் தெளிந்த தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருக்கிறது. உழாத காடு தண்ணீரைப் பிடித்து வைக்க, உழுத வயல் தண்ணீரை ஓடவிடுவானேன்? காட்டில் தரைக்குப் போர்வை இருக்கிறது. வயலில் நாம் அதை உரித்துவிடுகிறோம்.

படான்செருவில் தீர்ந்த வழக்கு

"அப்படியானால் உழவே வேண்டாமா?" என்று கேட்டுவிடத் தோன்றும். இந்தக் கேள்வியை மேனாட்டில் பலமாகக் கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930களில் மழை பொய்த்தபோது அந்த உழுத மண்ணெல்லாம் காற்றில் எழுந்தது. 1934 மே மாதத்துப் புழுதிப் புயல் கண்டத்தைக் கடந்து அட்லாண்டிக் சமுத்திரத்துக் கப்பல்கள்மீதும் மண்ணைத் தூவிற்று. மறு வருஷமே அந்நாட்டுச் சட்டசபை மண் பாதுகாப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1943ல் எட்வர்டு பால்க்னர் என்பவர், "உழவனின் மடமை" என்று பொருள்படும் பெயரில் புத்தகமே எழுதிக் கலப்பையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். இன்று பிரேஸில், அர்ஜென்டைனா முதலிய தேசங்களில் உழாமலே விதைக்கும் நிலம் மிக விஸ்தாரமானது.

அயல்நாட்டு மருந்தை அப்படியே நம் நாட்டு நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு ஹைதராபாத்துக்கு அருகே படான்செருவில் நல்லதொரு பரிசோதனை நடந்தது. 1972ல் அங்கே ஸ்தாபிக்கப்பட்ட இக்ரிஸாட் என்னும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் செம்மண் நிலத்தில், 1980களின் பிற்பகுதியில் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சிலவற்றை உழாமல் விட்டார்கள். சிலவற்றை 10 சென்டிமீட்டர் ஆழமும், சிலவற்றை 20 சென்டிமீட்டர் ஆழமும் உழுதார்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு பகுதியை மூடாமல் விட்டார்கள். ஒரு பகுதிக்குத் தொழு உரம் இட்டார்கள். ஒரு பகுதியை வைக்கோலால் மூடினார்கள். ஒவ்வொரு மழைக்கும் எவ்வளவு நீர் ஓடிப் போகிறது என்று அளந்தார்கள்.

கண்ட முடிவு இரு கட்சியாருக்குமே பாதி வெற்றி. மூடாத நிலத்தில், உழாத பாத்தியைவிட உழுத பாத்தி நீரை உள்ளே வாங்கிற்று. ஆனால் அந்த நன்மை சொற்ப மழைக்குள் தீர்ந்துவிட்டது. மேலே ஓடு கட்டியதும் உழுததும் உழாததும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வைக்கோல் மூடிய பாத்தியிலோ, உழுதிருந்தாலும் உழாதிருந்தாலும், ஓடிப்போன தண்ணீர் குறைந்தது. அது பருவம் முழுவதும் குறைந்தே இருந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. மூடாமல் வைத்துக்கொண்டு உழாமலும் இருந்தால், அது நிலத்துக்குச் செய்யும் துரோகம். உழுதுவிட்டு மூடாமல் விட்டால், ஒரு மழைக்கு உண்டான பலனே கிடைக்கும். கதவைத் திறப்பது கலப்பை. திறந்தபடி நிறுத்தி வைப்பது தாள். வீட்டுக் கதவுக்குத் தாளிட்டால் மூடிக்கொள்ளும். நிலத்தின் கதவோ தாளிட்டால்தான் திறந்திருக்கும்!

போர்வைக்குக் கீழே

வைக்கோல், சோளத் தட்டை, சருகு, தென்னோலை ஆகியவற்றில் எதுவாயினும் தரைமேல் கிடந்தால் அது செய்யும் காரியங்கள் பல. துளியின் அடியை அது தன் முதுகில் வாங்கிக்கொள்கிறது. ஓடும் தண்ணீரை ஒவ்வொரு தாளும் ஒரு சிற்றணைபோல மறித்து, இறங்குவதற்கு அவகாசம் தருகிறது. வெயிலையும் காற்றையும் தரையில் படாமல் தடுத்து, இறங்கிய ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. போர்வைக்குக் கீழே ஈரமும் குளிர்ச்சியும் உணவும் இருப்பதால் மண்புழுவும் கறையானும் அங்கே குடியேறுகின்றன. சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் கடைசிப் புத்தகத்தை 1881ல் மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். மனிதன் கலப்பையைக் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே புழுக்கள் பூமியை உழுது வருகின்றன என்பது அவர் கண்ட உண்மை. அந்த உழவுக்குக் கூலி வைக்கோல் மாத்திரமே. டிராக்டர் வெட்டிய பிளவு ஒரு மழையில் மூடும். புழு துளைத்த வளை பல மழையைத் தாங்கும். ஓயாமல் உழும்போது அந்த வளைகள் அறுபட்டுப் போகின்றன என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

உழவு அதிகாரத்தில் வள்ளுவரும் ஏர் ஓட்டுவதற்கு மேலே எருவிடுதலை வைத்திருக்கிறார் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

சேற்று வயலும் கரிசலும்

இத்தனையும் கேட்டபின் வத்திராயிருப்பு நெல் விவசாயி ஒருவர், "நாங்கள் சேற்றுழவு செய்வதே தண்ணீர் இறங்கக்கூடாது என்பதற்காகத்தானே!" என்று மடக்கலாம். முற்றிலும் சரி. நெல்லுக்காகத் தண்ணீர் கட்டித் திரும்பத் திரும்ப உழும்போது நாமே பெருந்தெருக்களை இடித்துச் சேறாக்கி அடைக்கிறோம். முக்கால் சாண் முதல் ஒரு சாண் ஆழத்துக்குள் ஒரு கெட்டிப் படலம் உண்டாகி, தண்ணீரைக் கிண்ணம்போல ஏந்திக்கொள்கிறது. நெல் இருக்கும் வரையில் அது நன்மை. நெல் அறுத்த பிறகு அதே படலம் அடுத்த பயிரின் வேருக்குக் கற்சுவர். கோடை மழைக்கு மூடிய கதவு. ஒரே ஆழத்தில் வருஷந்தோறும் சுழல் கலப்பை ஓட்டினால் மானாவாரி நிலத்திலும் இப்படி ஒரு படலம் அமைந்துவிடுகிறது. அதை உடைக்கவே மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது உளிக்கலப்பை கொண்டு ஆழமாகக் கீறிவிடச் சொல்லுகிறார்கள். "ஆழ உழு" என்ற பழமொழிக்கு இங்கே அர்த்தம் விளங்குகிறது. ஆழக் கீறுவது வேறு. மேலாகப் பொடி செய்வது வேறு.

நெல்லுக்குப் பின் உழாமலே பயிர் செய்யும் வித்தையைத் தஞ்சைத் தரணி வெகுநாளாக அறியும். தை, மாசியில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையிலேயே, நிற்கும் கதிர்களுக்கு நடுவே உளுந்தையும் பாசிப்பயற்றையும் தூவிவிடுவார்கள். நெல் அறுபடும்போது பயறு முளைத்திருக்கும். கலப்பை வயலில் இறங்குவதே இல்லை. அறுத்த அடித்தாள் நிற்க, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே பயறு விளைந்துவிடுகிறது. நெல் தரிசுப் பயறு என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் புத்தகம் எழுதி விளம்பரம் செய்த விஷயத்தை நம்மவர்கள் விளம்பரமில்லாமல் செய்து பருப்புக் குழம்பும் வைத்துவிட்டார்கள்.

வத்திராயிருப்பிலிருந்து கிழக்கே சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் போனால் நிலத்தின் குணமே மாறிவிடுகிறது. அங்கே கரிசல். கோடையில் கை நுழையும்படி வெடிக்கும். முதல் மழை அந்த வெடிப்புகளில் இறங்கும். நனைந்ததும் மண் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். அதன் பின் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும். 1901ல் தொடங்கிய கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் இந்தக் கரிசலின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறது. சரிவுக்குக் குறுக்கே உழுதல், நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாக வரப்பிட்டு மழையைத் தேக்குதல், ஆழச்சால் அகலப்பாத்தி அமைத்தல் முதலியவை கரிசலுக்கு ஏற்ற உபாயங்கள். தண்ணீர் மெதுவாக இறங்கும் நிலத்தில், அதை நின்று இறங்கச் செய்வதே தந்திரம். நிற்கவைக்க வரப்பும் சாலும் உதவுகின்றன. இறங்கியதைக் காக்கத் தட்டையும் சருகும் உதவுகின்றன.

வைக்கோல் யாருக்கு?

இனி வழக்கின் கடினமான பகுதிக்கு வருவோம். தாள் இவ்வளவு நல்லதென்றால் அது வயலில் ஏன் இருப்பதில்லை?

முதலாவது, மாடு இருக்கிறது. நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமான வைக்கோல் விளைகிறது. அது படப்பாக ஏறி ஆண்டு முழுவதும் பசுவுக்கும் காளைக்கும் ஆகாரமாகிறது. மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி மண்ணுக்குப் போடு என்று சொல்ல நமக்கு மனம் வராது. சொன்னாலும் கேட்பார் இல்லை. முற்காலத்தில் மாடு தின்றது சாணமாகி நிலத்துக்கே திரும்பிற்று; கடன் கொடுத்தது வட்டியோடு வந்ததுபோல. இப்போது பல வீடுகளில் தொழுவம் காலி. அறுவடை இயந்திரம் அறுத்துப் போட்டதை, வைக்கோல் கட்டும் இயந்திரம் சுருட்டிக் கட்ட, லாரி ஏற்றிக்கொண்டு வெளியூருக்குப் போய்விடுகிறது. சாணம் அந்த ஊர் நிலத்துக்கு. ஓட்டாண்டியான மண் நம்முடைய நிலத்துக்கு.

இரண்டாவது, தீ இருக்கிறது. அடுத்த பயிருக்கு அவசரம். தாள் கலப்பையில் சிக்குகிறது. ஒரு தீக்குச்சியோடு வேலை முடிகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இந்தத் தீயின் புகை டில்லி வரையில் போய் மூச்சை முட்டுவதை ஒவ்வோர் ஐப்பசியிலும் பத்திரிகைகளில் படிக்கிறோம். அங்கேயே லூதியானாவில் உள்ள விவசாயச் சர்வகலாசாலை, ஆஸ்திரேலிய நிபுணர்களுடன் சேர்ந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கருவி செய்தது. நெல் தாளை எரிக்காமல், அதை வெட்டி விலக்கிக் கோதுமையை விதைத்துவிட்டுத் தாளை மறுபடியும் மேலே போர்வையாகப் பரப்பிவிடும் கருவி அது. ஆகவே வழி இல்லாமல் எரிக்கிறோம் என்று சொல்வதற்கில்லை. நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஓலையையும் மட்டையையும் குவித்துக் கொளுத்தும் புகையும் அதே ஜாதிப் புகைதான்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நிலம் ஒருவருடையது, உழுபவர் வேறொருவர். நம் நேயர்களில் பலருக்குச் சொந்த ஊரில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கும். வாய்ப்பேச்சாக ஒரு வருஷக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். வைகாசியில் எத்தனை மூட்டை என்று கேட்பதோடு நில உறவு முடிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் இந்த நிலம் தம்மிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர், இந்த வருஷத்து வைக்கோல் பணத்தை விட்டுக்கொடுத்து அடுத்த வருஷத்து ஈரத்தை ஏன் சேமிக்க வேண்டும்? தாளை மண்ணில் விட்டால் நஷ்டம் அவருக்கு. கிணற்றில் ஊறும் தண்ணீர் நிலக்காரருக்கு. இந்தக் கணக்கு நேராகாதவரை உபதேசம் பயன்படாது.

செய்யக்கூடியவை

முழுப் போர்வை கிடைக்காவிட்டால் அரைப் போர்வையாவது போர்த்தலாம். நெல்லைச் சற்று உயர்த்தி அறுத்து அடித்தாளை நிறுத்துவது முதற்படி. மேல் வைக்கோல் மாட்டுக்கு, அடித்தாள் மண்ணுக்கு. தாளை மடக்கி உழுவதானால், நடவுக்கு உடனே முன்பாகச் செய்யாமல் சில வாரம் மக்க விட வேண்டும். பச்சை வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாகக் கடன் வாங்குவதால், அவசரப்பட்டு நட்ட பயிர் மஞ்சள் பூத்து நிற்கும். கோடையில் சணப்பு, தக்கைப்பூண்டு, கொழுஞ்சி விதைத்தால் நிலத்துக்கு உயிருள்ள போர்வையும் வேர்த் துளைகளும் ஒருங்கே கிடைக்கும். பருத்திச் செடியின் காய்ந்த மாரை மட்டும் வயலில் நிற்கவிடக் கூடாது. காய்ப்புழு அதில் தங்கி அடுத்த பயிருக்கு வரும்.

வத்திராயிருப்பைச் சுற்றித் தென்னந்தோப்புகள் நிறைய. அங்கே போர்வைக்குப் பஞ்சமே இல்லை. தேங்காய் மட்டையைத் தென்னைக்கு நடுவே பள்ளம் எடுத்து, குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கிப் புதைத்தால், அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பஞ்சுபோல வாங்கி வைத்துக்கொண்டு வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். உரிந்த ஓலையை வெட்டி மரத்தடியில் வட்டமாகப் பரப்புவதற்கு, அதைக் கொளுத்துவதைவிட அதிக நேரம் ஆகாது. 1916ல் தென்னைக்கென்று ஆராய்ச்சி தொடங்கிய காசர்கோடு நிலையம் இவற்றை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பரிசோதிக்கலாம். குழந்தைகளுக்கும் நல்ல பாடம். பழைய தகரத் தட்டுகள் இரண்டில் அடியில் சில துளை இட்டு, ஒரே மண்ணை ஒரே அளவாக நிரப்பிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒரு பிடி வைக்கோலைப் பரப்புங்கள். பூவாளியால் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள். வைக்கோல் இல்லாத தட்டின் விளிம்பில் செங்கலங்கல் விரைந்து வழியும். மற்றதில் தண்ணீர் தயங்கி, கொஞ்சமாக, தெளிவாக வழியும். அடித்துளையில் அதிகமாகச் சொட்டும். இன்னொன்றும் செய்யலாம். வருஷந்தோறும் உழும் வயலிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியும், வேலியோரத்துப் புல் தரையிலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் மெல்லப் போட்டுப் பாருங்கள். வயல் கட்டி பெரும்பாலும் நிமிஷத்தில் கரைந்து சரியும். புல் தரைக் கட்டி முழுசாக நிற்கும். மழையில் எந்த மண்ணின் கதவு அடைபடும் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும்.

பட்டணத்தில் இருந்துகொண்டு கிராமத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. இந்த வருஷம் குத்தகை பேசும்போது, வைக்கோலைப் பற்றியும் பேசுங்கள். பாதி வைக்கோலை நிலத்தில் விடும்படி கேளுங்கள். அதன் விலையைக் குத்தகையில் தள்ளிக் கொடுங்கள். ஒரு வருஷப் பேச்சை மூன்று வருஷப் பேச்சாக மாற்றுங்கள். பணம் சிறிது குறையும். வயதான தாயாரோ தமையனாரோ ஊரில் அந்தக் கிணற்றை நம்பி இருந்தால், அந்தக் குறைவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பங்குனி மாதத்தில் வாளிக் கயிற்றின் நீளம் சொல்லும்.

வானம் தருவதைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் ஆகாது. அணையைக் கட்டுவதும் காப்பதும் சர்க்காரின் காரியம். வயலின் கதவு மாத்திரம் நம் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய தாளும் அதே வயலிலேயே விளைகிறது.